கடைக்குப் போயிட்டு வாரேன்

டமார்!

கப்பலின் விலாவில் யாரோ பனந்தடியால் ஓங்கிக் குத்தியது போல் ஒரு சத்தம். மேல்தளத்தில் வரிசையாகக் கிடந்த சாய்வு நாற்காலிகள் ஒரு சாண் நகர்ந்து நின்றன. சுகிர்தாவின் தட்டிலிருந்த உளுந்தவடை துள்ளி உருண்டு, பக்கத்து நாற்காலி மங்கையர்க்கரசியின் காலடியில் போய் விழுந்தது. அடுத்த கணம் அபாயச் சங்கு அலற ஆரம்பித்தது.

"முங்குதா?" என்று கேட்டாள் மங்கையர்க்கரசி, கையிலிருந்த சீட்டுக்கட்டைக் கீழே வைக்காமலே.

சுகிர்தா பாய்ந்து போய், சக்கர நாற்காலியில் இருந்த கணவன் இம்மானுவேலின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கப்பல் முழுகினால் எல்லோரும் ஓடுவார்கள். அவன் ஓட முடியாது. அவள் மனதில் அது ஒன்றுதான் ஓடியது.

சங்கு நின்றது. ஒலிபெருக்கியில் பொழுதுபோக்கு அதிகாரியின் தேன் தடவிய குரல் வந்தது. "அன்பான பயணிகளே, பதற்றம் வேண்டாம். காய்கறி கொண்டுவந்த படகு ஒன்று, பாசம் தாங்காமல் நம் கப்பலைக் கொஞ்சம் வேகமாகக் கட்டிக்கொண்டுவிட்டது. அவ்வளவுதான். மாலை தம்போலா ஆட்டம் வழக்கம்போல் நடைபெறும்."

"பாசமாம் பாசம்! என் மருமகளுக்கு என் மேல இருந்த பாசம் மாதிரி" என்றாள் மங்கையர்க்கரசி. "அந்த வடைய எடுத்து ஓரமாப் போடும்மா. கொத்த ஒரு காக்கா கூட இல்லாத ஊரு."

கப்பலின் பெயர் 'நிதானம்'. பெயருக்கேற்ற கப்பல். அதன் அடிவயிற்றில் ஓர் இயந்திரம் இருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை கப்பலுக்குள் காலம் மெதுவாக நடக்கும். இங்கே ஒரு நாள் கழிந்தால் கரையில் ஒரு மாதம் கழிந்திருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு வித்தியாசம் எதுவும் தெரியாது. பசிக்கும், தூக்கம் வரும், தம்போலாவில் தோற்பார்கள். 'காத்திருக்க நேரமில்லாதவர்கள் காத்திருக்க ஒரு கப்பல்' என்று விளம்பரம் செய்திருந்தார்கள்.

மங்கையர்க்கரசி தன் மகனின் விவாகரத்து வழக்கு முடியட்டும் என்று ஏறியவள். "கோர்ட்டு வராந்தாவுல உக்காந்து கிழவியாகிறதுக்கு, இங்க உக்காந்து சீட்டாடலாம்ல" என்பாள். இம்மானுவேலின் கதை வேறு. அவனுக்கு நரம்பு உலர்ந்துகொண்டே வரும் ஒரு வியாதி. கால்கள் போய்விட்டன. அடுத்தது கை, அதற்கடுத்தது மூச்சு என்றார்கள் டாக்டர்கள். மருந்து தயாராக இன்னும் ஒரு வருடம் ஆகும், அதுவரை ஆள் தாங்காது என்றார்கள். கப்பலில் பன்னிரண்டு நாள் இருந்தால் கரையில் ஒரு வருடம் ஓடிவிடும். இறங்கி, ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அதற்காக ஏறினார்கள். இன்று ஐந்தாம் நாள்.

தலைக்கு மேலே தெரிந்தது வானமல்ல, திரை. கடலும் அடிவானமும் அப்படியே. உண்மை வானத்தைக் காட்டினால் சூரியன் ஒரே நாளில் முப்பது முறை எழுந்து விழும், பயணிகளுக்குத் தலை சுற்றும் என்று மூடிவைத்திருந்தார்கள். திரையில் ஒரு கடல்காகம் இடமிருந்து வலமாகப் பறந்து போகும். சற்று நேரத்தில் அதே காகம் அதே இடத்திலிருந்து மறுபடி வரும். முந்தாநாள் தலை துவட்டிக்கொண்டு கம்பியோரம் நின்றபோது, வேறு வேலையில்லாமல் சுகிர்தா அதற்குக் கையசைத்துக்கூடப் பார்த்தாள். ஜெனிக்குக் கடல்காகம் என்றால் உயிர்.

ஜெனி அவர்கள் மகள். ஒன்றாம் வகுப்பு. சுகிர்தாவின் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"அம்மா, டீ."

சுகிர்தா நிமிர்ந்தாள். கப்பல் ஊழியர்களின் நீலச் சேலையில், நரைத்த தலையோடு ஒரு பெண் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் புதுக் கட்டு. தட்டில் கோப்பைகள் கிணுகிணுத்தன.

"மேடம், உங்களுக்குச் சுக்குக் காபி" என்று மங்கையர்க்கரசிக்கும் கொடுத்தாள்.

"புதுசா அக்கா நீங்க?" என்றாள் சுகிர்தா.

"இன்னைக்குத்தான் வந்தேம்மா."

"அந்தக் காய்கறிப் படகுலயா? நெத்தி அதுலதான் உடைஞ்சுதா?"

"ஆமாம்மா. ஓட்டுனது சரியில்ல."

"ஓட்டுனவனுக்கு ரெண்டு குடுத்தீங்களா இல்லையா?" என்றாள் மங்கையர்க்கரசி.

"ஓட்டுனவளுக்கும் நெத்தியிலதான் அடி மேடம்."

மங்கையர்க்கரசி சிரித்ததில் காபி தளும்பியது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் இம்மானுவேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊழியர்கள் பயணிகளை அப்படிப் பார்ப்பதில்லை.

"எந்த ஊருக்கா?" என்றான் அவன்.

"தூத்துக்குடி."

"அட, நம்ம ஊரு! எந்தத் தெரு?"

"கடலோரந்தான். இப்ப தெருவெல்லாம் மாறிப்போச்சு."

"நாங்க ஏறி நாலு மாசந்தான ஆச்சு, அதுக்குள்ளயா? ஒரு குழிய மூடவே நாலு வருசம் பாப்பாங்களே!"

அவள் சுகிர்தாவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குச் சீனி போடலம்மா."

"எப்படித் தெரியும்?"

"சமையக்கட்டுல சொன்னாங்க."

சாசரில் இரண்டு மக்ரூன் இருந்தன. முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் சேர்த்து அடித்துச் சுட்ட வெள்ளைக் கூம்புகள். தூத்துக்குடியில் பிறந்தவர்கள் சொர்க்கத்துக்குப் போனாலும் அங்கே முதலில் தேடுவது அதைத்தான். சுகிர்தா ஒன்றை வாயில் போட்டாள். அது கரைந்த வேகத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

"ஏட்டி, அந்த அக்கா எங்க அம்மை சாடையில இல்ல?" என்றான் இம்மானுவேல், அவள் போன பிறகு. "நாடிய பாரு. அப்படியே எங்க அம்மை."

"உங்களுக்கு ஊர்க்காரங்க யாரப் பாத்தாலும் உங்க அம்மைதான்" என்றாள் சுகிர்தா.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மருத்துவ அறையிலிருந்து நர்ஸ் வந்து இம்மானுவேலை அழைத்துப் போனாள். டாக்டர் ஏதோ புது ஊசி போடப்போகிறாராம். "நீங்க அப்புறமா வாங்க" என்றாள். சுகிர்தா கீழ்த்தளத்துக் கடைக்கு இறங்கினாள். பை தூக்க வருகிறேன் என்று அந்த நரைத்த பெண்ணும் கூடவே வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

"என் மகளுக்கு ஒரு கவுன் எடுக்கணும்" என்றாள் சுகிர்தா, படியில். "வெறுங்கையோட போனா முகத்தையே பாக்க மாட்டா. வரும்போது அழுவான்னு, கடைக்குப் போயிட்டு வாரேன், மக்ரூன் வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவ டி.வி. பாத்துக்கிட்டு சரின்னுட்டா. திரும்பிக்கூடப் பாக்கல."

"பாத்திருப்பாம்மா. கதவு சாத்துன சத்தம் கேட்டதும் ஓடி வந்திருப்பா."

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காக்கா?"

"ஒரு பையன் இருக்கான்." இரண்டு படி இறங்கிய பிறகு சொன்னாள்: "இருந்தான்."

சுகிர்தா நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் என்ன சொல்வது? "கர்த்தர் பாத்துக்கிடுவாருக்கா" என்றாள். அந்தப் பெண் பிடித்த கையை விடாமலே மீதிப் படிகளை இறங்கினாள்.

கடைக்காரப் பெண் கவுன்களை அள்ளிப் போட்டாள். "எத்தனை வயசுப் பாப்பா?"

"ஆறு. நாங்க இறங்குறப்ப ஏழு ஆயிரும்."

"வளர்ற பிள்ளை. ஒரு சைஸ் பெரிசாவே எடுங்க."

"இன்னும் கொஞ்சம் பெரிசா எடுத்தாலும் தப்பில்லம்மா" என்றாள் நரைத்த பெண், மெதுவாக.

சுகிர்தா மஞ்சள் கவுன் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்து, தூரத்தில் வைத்துப் பிடிக்கச் சொன்னாள். அவள் அதைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

"அப்படியில்லக்கா, தள்ளி! நீங்களா போடப்போறீங்க?" கடைக்காரப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். "அப்புறம் இந்த அம்மா, அம்மான்னு கூப்பிடுறத விடுங்க. உங்களவிட இருபது வயசு சின்னவ நான். சுகிர்தான்னு பேர் சொல்லியே கூப்பிடுங்க."

"பேர் சொல்லக் கூடாதும்மா."

"கம்பெனி ரூலா?"

"கம்பெனிக்கும் முந்தின ரூலு."

கவுனைப் பையில் போட்டுக்கொண்டு சுகிர்தா மருத்துவ அறைக்குள் நுழைந்தபோது, இம்மானுவேல் கட்டிலில் சாய்ந்து தன் பாதத்தையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, இங்க வா. பெருவிரலப் பாரு!"

பார்த்தாள். விரல் அசைந்தது. ஒரு வருடமாகக் கட்டையாய்க் கிடந்த விரல். அவள் குனிந்து அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "மருந்து வந்துட்டா டாக்டர்? இன்னும் நாள் ஆகும்னீங்களே?"

"படகுல வந்துச்சு" என்றார் டாக்டர் கதிரேசன்.

"அப்ப நாங்க இறங்கிரலாம்லா? நாளைக்கே ஊருக்குப் போயிரலாம்லா?"

டாக்டர் குழாயடியில் நின்று கை கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினார். சுகிர்தாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

"சொல்லக் கூடாதுன்னு கேப்டன் சொல்லியிருக்காரு" என்றார் கடைசியில். "ஆனா இந்த முகத்தப் பாத்துக்கிட்டு நான் எத்தனை நாள் பொய் சொல்றது? உக்காருங்க." அவரே முதலில் உட்கார்ந்தார். "வீட்டுல ஃபேன் ரெகுலேட்டர் இருக்கும்ல? அது மாதிரி, காலத்த ஒரு அளவுல வெச்சோம். அது அந்த அளவுல நிக்கல. தானா இறங்கிட்டே இருந்திருக்கு. முதல் நாள் ஒரு மாசம், சொன்னபடி. ரெண்டாம் நாளே வருஷக் கணக்கு. நேத்து ஒரு நாள்ல கரையில ஒரு தலைமுறை போயிருச்சு. திரையப் போட்டு மூடினதால எங்களுக்கும் தெரியல. இன்னைக்குக் காலையில படகு வந்து சொல்லித்தான் தெரியும்."

"ஒரு தலைமுறைன்னா?"

"படகு கிளம்பினப்ப, நாம ஏறி நாப்பத்தெட்டு வருஷம் ஆயிருந்ததாம். அது காலையில. இப்ப இன்னும்..." அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நிறுத்துங்க! அந்த மெஷின நிறுத்துங்க!"

"நிறுத்தினா கப்பலே தூள் தூளாயிரும். வெளிய குதிச்சாலும் அதே கதிதான். மீன் கூடு பாத்திருப்பீங்களே, உள்ள போக வழி இருக்கும், வெளிய வர வழி இருக்காது. உள்ள வர்றதுக்கே அவங்களுக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கு."

இம்மானுவேலின் முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கால் விரல் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

சுகிர்தா எப்படி மேல்தளத்துக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. திரையில் அழகாக அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. கடல்காகம் இடமிருந்து வலமாகப் போனது. பின்பக்கத்தில் தம்போலா. யாரோ ஒரு வரிசை முடித்துவிட்டதாகக் கத்த, கைதட்டல் எழுந்தது. மங்கையர்க்கரசியின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவள் மகனின் வழக்கு எப்போதோ முடிந்திருக்கும். மகனும்.

கம்பியோரம் அந்த நரைத்த பெண் நின்றாள். பக்கத்தில் ஆறிப்போன டீ.

"தெரிஞ்சுபோச்சாம்மா?"

"உங்களுக்குக் காலையிலயே தெரியும்." என்றாள் சுகிர்தா. "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே கவுனப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க."

அவள் ஆறிய டீயை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. நீங்க அந்த ஊர்தான. என் பிள்ள... இந்தக் கப்பலப் பாக்கக் கரைக்கு வந்திருப்பாளா?"

"எல்லாரும் வருவாங்கம்மா. கப்பல் எங்கயும் போகல. நம்ம ஊரு முயல் தீவுக் கரையில நின்னா நல்லாத் தெரியும். இந்தத் திரை உள்ள இருக்கிறவங்களுக்குத்தான். வெளியேர்ந்து பாத்தா வெறும் கண்ணாடி. ஞாயித்துக்கிழமை ஆனா திருவிழாக் கூட்டம். சுண்டல்காரன், பைனாகுலர் வாடகைக்கு விடுறவன். நீங்கல்லாம் சிலை மாதிரி நிப்பீங்க. 'அந்தா, அந்தத் தடிச்ச பொம்பள கொட்டாவி விடுதா'ன்னு காட்டுவாங்க. காலையில திறந்த வாயி சாயங்காலந்தான் மூடும்."

"என் பிள்ள?"

"அவளும் வந்தா. சித்தி கூட்டிட்டு வருவா. அப்புறம் தனியா சைக்கிள்ல. ஒரு முழுப்பரீட்சை லீவு பூரா நீங்க இந்தக் கம்பிக்கிட்ட தலை துவட்டிக்கிட்டு நின்னீங்க. பத்து வயசு அப்ப அவளுக்கு. தினமும் வந்துருவா. ஒருநாள் நீங்க கையத் தூக்கி ஆட்டுனீங்க. தூக்கி இறக்க ஒரு பகல் ஆச்சு. அந்தப் பிள்ளையும் பகல் பூரா திருப்பி ஆட்டிக்கிட்டே நின்னுச்சு. ஒரு கை வலிச்சா மறு கை. சோறு திங்கக்கூடப் போகல."

அது கடல்காகத்துக்கு அசைத்த கை. சுகிர்தா அதைச் சொல்லவில்லை.

"எம்மேல கோவமா இருந்தாளாக்கா?"

"கோவந்தான். ரொம்ப வருசம். கல்யாணத்துக்கு வரலன்னு கோவம். பேறுகாலத்துல பக்கத்துல இல்லன்னு கோவம்." அவள் சேலைத் தலைப்பால் கம்பியைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றுமில்லை. "அப்புறம் உங்க வயசத் தாண்டினதும் அது போயிருச்சு. தன்னைவிடச் சின்னப் பிள்ள மேல எத்தனை நாள் கோவப்பட முடியும்?"

பின்னால் மறுபடி கைதட்டல்.

"உங்க பையன்... செத்துப்போயிட்டான்னு நெனச்சேன்."

"காலையில படகு ஏறுறப்ப கரையில நின்னு அழுதான். இருபத்திரெண்டு வயசு. இப்ப என் வயசு ஆயிருக்கும் அவனுக்கு. ராத்திரி நான் கண்ண மூடித் திறக்கதுக்குள்ள..."

"திரும்பிப் போக முடியாதுன்னு தெரிஞ்சேவா வந்தீங்க? அவங்கிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

"கடைக்குப் போயிட்டு வாரேன்னு சொல்ல முடியுமா, அந்த வயசுப் பையங்கிட்ட?" என்றாள் அவள். "போறேன்னு சொன்னேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் சுகிர்தா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எந்த வீட்டிலும் யாரும் வாசல்படியில் நின்று சொல்லாத சொல். 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்வார்கள், பொய்யானாலும். அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். நாடியைப் பார்த்தாள். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். கையிலிருந்த பையின் வாயைச் சுருட்டிச் சுருட்டி இறுக்கினாள். அதற்குள் மஞ்சள் கவுன், ஒரு சைஸ் பெரியது.

"யாருக்காக வந்தீங்க?" என்றாள், கிட்டத்தட்டக் கோபமாக. "பெத்த பிள்ளைய விட்டுட்டு, இங்க வந்து கண்டவங்களுக்கெல்லாம் டீ ஊத்திக்கிட்டு, கப்பல்ல இருக்க அத்தனை பேரையும் வாய் நிறைய அம்மா, அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டு..."

"இல்லம்மா. மத்தவங்க எல்லாரையும் நான் மேடம்னுதான் கூப்பிடுதேன்."